உப்பு எட்டாத மணல்

மரக்காணத்து உப்பளப் பாத்தியில் கொக்கிப் புழு பிழைக்காது. அதன் இளம்புழுவின் உடல் ஈரத்தை உப்பு உறிஞ்சிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் மனிதரைத் தாக்கும் கொக்கிப் புழுவால் இரத்தம் சுண்டிக் கிடந்தார்கள். கடல்நீர் கசிந்த லெவண்ட் சுரங்கத்தையோ நோய் அண்டவில்லை.

நாயின் குடலிலும் கொக்கிப் புழு உண்டு. ஆனால் நாய் பாத்திக்குப் போய் மலம் கழிப்பதில்லையே! அது தேடுவது சவுக்குத் தோப்பின் நிழல், வீட்டுப் பின்புறத்து ஈர மணல். மலத்தோடு வெளிவரும் புழு முட்டைக்கும் அதுதான் தோதான இடம். ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் இளம்புழு தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். ஐப்பசி மழையில் உப்பெடுப்பு நின்று ஆட்கள் வீடு திரும்பும்போது, புழுவுக்குப் பருவம் தொடங்குகிறது. வாசலில் உப்பைக் கொட்டினால் ஆகாதா? ஒரு மழையில் கரைந்துபோகும், இருக்கிற செடியும் கருகும். அன்றன்றைய மலத்தை அன்றே அள்ளிப் புதைப்பதே மேல்.

வெறுங்காலோடு அந்த மணலில் விளையாடும் பிள்ளையின் பாதத்தில் சிவந்த கோடு வளைந்து வளைந்து ஊர்ந்தால் அது படர்தாமரை அல்ல. நாய்க் கொக்கிப் புழு தோலுக்குள் வழி தெரியாமல் அலைகிறது. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆனால் இலங்கையின் பெயரைத் தாங்கி 1911-இல் விவரிக்கப்பட்ட ஓர் இனம், நாய் பூனையோடு நிற்காமல் மனிதக் குடலிலும் வளர்ந்து இரத்தம் குடிக்கும்.

குட்டி வயிறு உப்பி, ஈறு வெளுத்த பிறகுதான் பலரும் பூச்சி மருந்தைத் தேடுகிறார்கள். அது தாமதம். உருண்டைப் புழு தாயின் கருப்பையிலேயே நாய்க்குட்டிக்குள் நுழைந்துவிடும். கொக்கிப் புழு பாலில் வரும். அதனால் நாய்க்குட்டிக்கு 2 வாரத்திலும் பூனைக்குட்டிக்கு 3 வாரத்திலும் முதல் மருந்து. 8 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும். நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் மறுபடியும் வரும். நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை செத்தே போகலாம்.

வளர்ந்தவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தேதியை மறப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 தேதிகளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குப் புழு நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். அன்றைக்கே நாய்க்கும் பூனைக்கும் அவற்றுக்குரிய மருந்தைக் கொடுத்து, இடையில் மே, நவம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் மாத்திரையை உடைத்துப் போட வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்தில் எடை பார்த்து அளவு சொல்வார்கள்.