புது டிஸ்க் மாட்டியும் நடுங்கும் பிரேக்

பிரேக்கை அழுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது என்பதற்காகவே டிஸ்க்கும் பேடும் புதிதாக மாற்றப்பட்ட காரில், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அதே நடுக்கம் திரும்பி வருமானால், குற்றம் பெரும்பாலும் புதிய டிஸ்க்கின் மீதே சுமத்தப்படுகிறது. உண்மையில் பழுது பல சமயம் டிஸ்க்கில் இல்லை. டிஸ்க் உட்காரும் இடத்தில் இருக்கிறது.

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டே டிஸ்க். அதை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிப்பது காலிப்பர். டிஸ்க்கைத் தாங்கிச் சுழற்றும் உலோகப் பகுதி ஹப். சுழலும் டிஸ்க் ஒரே தளத்தில் நிற்காமல் உள்ளும் வெளியுமாக அசைவதைப் பக்கவாட்டு ஆட்டம் எனலாம். பல கார்களில் இது 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். பழைய டிஸ்க்கைக் கழற்றியபின் ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவைச் சுரண்டாமல் புதியதை மாட்டினால், அந்தத் துருத் துகள்களின் மீது டிஸ்க் சாய்ந்து உட்காருகிறது; ஹப்பைவிட டிஸ்க் அகலமானது என்பதால் நடுவிலுள்ள சிறு சாய்வு விளிம்பில் பெருகிவிடுகிறது.

இவ்வளவு நுண்ணிய சாய்வு முதல் நாளிலேயே நடுக்கம் தருவதில்லை என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. பிரேக் அழுத்தப்படாமல் ஓடும் நேரத்திலும் டிஸ்க்கின் வெளித்தள்ளிய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்வதால், அந்த இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்து, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. 0.015 மில்லிமீட்டர் வேறுபாடே போதும். தடித்த பகுதி பேடுகளுக்கிடையில் நுழையும்போது காலிப்பரில் பேடை அழுத்தும் பிஸ்டன் பின்தள்ளப்பட்டு, பிரேக் எண்ணெயின் அழுத்தம் ஏறி, மிதியிலும் ஸ்டீயரிங்கிலும் அதிர்வாக உணரப்படுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரணக் காரின் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுழல்வதால், அதிர்வும் அதே எண்ணிக்கையில் வந்து, வேகம் குறையக் குறைய இடைவெளி விட்டுத் தட்டுகிறது.

‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஆனால் டிஸ்க் வெப்பத்தால் வளைவது அரிது. பேடின் பொருள் டிஸ்க்கின் மீது திட்டுத்திட்டாகப் படிவதாலும் இதே நடுக்கம் தோன்றும். மலைப்பாதையில் இறங்கி டிஸ்க் நன்கு சூடேறிய நிலையில், நின்ற இடத்தில் பிரேக்கை அழுத்தியபடியே காத்திருப்பது அத்தகைய திட்டுகளுக்கு ஒரு காரணம்.

சோதனை எளிய கேள்விகளில் தொடங்க வேண்டும். பிரேக் தொடாமலே நடுங்கினால் சக்கரச் சமநிலையையும் டயரையும் முதலில் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரங்களும், இருக்கை மட்டும் நடுங்கினால் பின்சக்கரங்களும் ஐயத்துக்குரியவை. சஸ்பென்ஷனில் உள்ள தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ் அதிர்வைப் பெருக்கிக் காட்டுமே தவிர, பொதுவாக அதைப் பிறப்பிப்பதில்லை. அடுத்து, சக்கரத்தைக் கழற்றி, வீல் நட்டுகளை வாஷர் வைத்து இறுக்கி, டிஸ்க்கின் விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முனையை வைத்து, டிஸ்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி ஆட்டத்தை அளக்க வேண்டும். அளவு மிகுந்தால் ஹப்பைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் சுத்தம் செய்து மீண்டும் அளக்கலாம். பிறகும் குறையாவிட்டால் டிஸ்க்கை ஒரு துளை நகர்த்தி மாட்டிப் பார்க்கலாம், ஏனெனில் ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலை கிடைக்கக்கூடும். எப்படி மாற்றியும் அளவு இறங்காதபோது வீல் பேரிங்கையும் ஹப்பையும் சோதிக்க வேண்டும். காலிப்பரின் வழுக்கு ஊசிகள் இறுகியிருந்தால் ஒரு பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும் என்பதால், அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் இடுவதும் தவிர்க்கக் கூடாத வேலை.

வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கும் வழக்கம் இங்கே பெரும் கேடு. ஒரு நட் அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் இறுகும்போது டிஸ்க்கின் நடுப்பகுதியே சற்றுத் திரிகிறது. எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதே முறை. புதிய பேடுகள் டிஸ்க்கோடு சீராகப் பழகும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்து மிதமாக அழுத்தி ஓட்டுவது நல்லது.

இரண்டாம் முறையாகப் புது டிஸ்க் வாங்கச் சம்மதிப்பதற்கு முன், ஹப்பைச் சுத்தம் செய்து, டயல் கேஜில் கண்ட அளவை வேலைச்சீட்டில் எழுதித் தருமாறு ஒவ்வொரு கார் உரிமையாளரும் பணிமனையிடம் கேட்க வேண்டும்.