புனித அந்தோனியாரின் நெருப்பு

சனவரி 17ஆம் நாள் நாம் நினைவுகூரும் வனத்து அந்தோனியாரின் பழைய படங்களில் அவர் காலருகே ஒரு பன்றி நிற்கும். சிலவற்றில் நெருப்பும் எரியும். (பதுவை நகர் அந்தோனியார் வேறு, இவர் 356இல் எகிப்தில் இறந்த துறவி.) அந்த நெருப்பு ஒரு நோயைக் குறிக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் ஏழைகளை அடிக்கடி தாக்கிய நோய் அது. கை கால்கள் தீயில் இட்டதுபோல் எரியும். பின் கறுத்து, உலர்ந்து, கழன்று விழும். 857ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் சாந்தன் நகர ஆண்டேடு இப்படியொரு கொள்ளைநோயைப் பதிவு செய்துள்ளது. பாவத்திற்குக் கடவுள் தந்த தண்டனை என்றனர் சிலர். அந்தோனியாரே சினந்து இதை அனுப்புகிறார், அவரே அணைக்கவும் வல்லவர் என்றனர் வேறு சிலர். துடிப்பவனுக்கு வலியோடு பழியும் சேர்ந்தது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்துச் சீடர்கள் கேட்டதற்கு ஆண்டவர் தந்த பதில் (யோவான் 9) அவர்கள் காதில் விழவில்லை போலும்!

அந்தோனியாரின் திருப்பண்டங்கள் இருந்த தென்கிழக்கு பிரான்சின் சிற்றூருக்கு நோயாளிகள் திரண்டனர். அவர்களைப் பராமரிக்க 1095 அளவில் பொதுநிலையினர் சிலர் தொடங்கிய குழுவே பின்னர் அந்தோனியார் துறவற சபை ஆனது. திருப்பண்டங்கள்மீது ஊற்றி எடுத்த திராட்சை இரசத்தைக் குடிக்கக் கொடுத்தனர். பன்றிக் கொழுப்பில் மூலிகை சேர்த்துப் புண்களில் தடவினர். இவர்களுடைய பன்றிகள் கழுத்தில் மணியோடு தெருவில் தாராளமாகத் திரிய உரிமை பெற்றிருந்தன. படத்தில் பன்றி வந்த கதை இதுதான்.

பலர் குணமடைந்தனர். எப்படி? நோயின் காரணம் அவர்கள் அன்றாடம் உண்ட ரொட்டியிலேயே இருந்தது. ஈரமான பருவத்தில் 'ரை' என்னும் தானியக் கதிரில் ஒருவகைப் பூஞ்சணம், சேவலின் கால்முள் போல, கறுப்பாய் முளைக்கும். அதன் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். 17ஆம் நூற்றாண்டில்தான் பிரெஞ்சு அறிஞர்கள் இதைக் கண்டறிந்தனர். மருத்துவமனையில் கிடைத்த நல்ல ரொட்டியும் இறைச்சியும் நஞ்சிலிருந்து விடுதலை தந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியானால் புதுமை என்றது வெறும் மயக்கமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் அறியாமலே பசித்தவனுக்கு நல்ல உணவு தந்தார்களே!

அல்சாஸ் பகுதியின் இசென்ஹைம் ஊரில் இச்சபையாரின் மருத்துவமனைக் கோவிலுக்காக மத்தியாஸ் குரூனவால்டு 1512க்கும் 1516க்கும் இடையில் பீட ஓவியங்கள் வரைந்தார். இன்று அவை கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலெங்கும் புண்கள். தோலும் பச்சை பாய்ந்திருக்கிறது. நோயாளிகள் தங்கள் உடலையே அங்கே கண்டிருப்பார்கள். இன்னொரு பலகையில் பேய்கள் அந்தோனியாரை வதைக்கின்றன. அதன் ஒரு மூலையில், வயிறு வீங்கி உடலெல்லாம் கொப்புளமான ஓர் உருவம் கிடக்கிறது. எதிர் மூலையில் ஒரு காகிதம். இயேசுவே, நீர் எங்கே இருந்தீர், என் காயங்களைக் குணமாக்க ஏன் வரவில்லை என்னும் அந்தோனியாரின் முறையீடு அதில் இலத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது.