ரேணு சலூஜா: இந்தியப் படத்தொகுப்பில் பெண்களுக்குத் தடம் அமைத்தவர்

திரைப்படத்தின் நாயகனையும் நாயகியையும் அறிந்த ரசிகர்களில் பெரும்பாலோர் படத்தொகுப்பாளரின் பெயரை அறிந்திருப்பதில்லை. கமல்ஹாசன் இயக்கி நடித்து 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான 'ஹே ராம்' படத்தைப் பார்த்தவர்களிலும், அதைத் தொகுத்தவர் ஒரு பெண் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அவர் ரேணு சலூஜா. சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருதை நான்கு முறை பெற்றவர்.

1952ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி பிறந்த ரேணு, டெல்லியைச் சேர்ந்த பஞ்சாபிக் குடும்பத்தில் வளர்ந்தவர். 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆருடன் நடித்த ராதா சலூஜா இவருடைய சகோதரி. சகோதரியின் முகம் தமிழ்நாட்டின் சுவரொட்டிகள் எங்கும் இருந்த அதே காலத்தில், ரேணு புனே திரைப்படக் கல்லூரியில் மாணவியாக இருந்தார். அவர் முதலில் விரும்பியது இயக்குநர் பயிற்சியை. அதில் இடம் கிடைக்காததால் படத்தொகுப்புப் பிரிவில் சேர்ந்து, 1976இல் படிப்பை முடித்தார்.

இத்துறையில் பயிற்சி பெற்ற முதல் பெண் இவர் அல்லர். அருணா ராஜே 1969இலேயே அதே கல்லூரியில் படத்தொகுப்புப் படித்துத் தேறியிருந்தார். ஆயினும் அவர் பின்னர் இயக்கத்திற்குச் சென்றுவிட, தொகுப்பு அறையிலேயே தங்கி, கலைப்படம் வணிகப்படம் என்ற வேறுபாடின்றி இயக்குநர்கள் தேடி வரும் பெயராக வளர்ந்தவர் ரேணு.

படத்தொகுப்பு என்பது என்ன?

வேண்டாத காட்சிகளை வெட்டி எறிவதுதான் தொகுப்பு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. கோலார் தங்கவயலின் பாலகாட், சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டி எடுத்த பாறையில் தங்கம் மிகச் சொற்பம். அரைத்துப் பிரித்த பின் எஞ்சிய கழிவு மண் இன்றும் அங்கே குன்றுகளாக நிற்கிறது. படப்பிடிப்பில் எடுக்கப்படும் காட்சிகளிலும் திரைக்கு வருவது ஒரு சிறு பகுதிதான். ஆனால் தங்கம் பாறைக்குள் முன்பே இருப்பது. திரைப்படத்தின் பொருளோ இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில்தான் பிறக்கிறது. ஒரு முகத்தை அடுத்து எதைக் காட்டுவது, எத்தனை நொடி காட்டுவது, ஒலியை எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளே பார்வையாளரின் அச்சத்தையும் சிரிப்பையும் தீர்மானிக்கின்றன.

கணினி வருவதற்கு முன் இம்முடிவுகள் அனைத்தும் கையால் செய்யப்பட்டன. படச்சுருளை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, குறியிட்டு, வெட்டி, ஒட்ட வேண்டும். முடிவு பிடிக்கவில்லையென்றால் ஒட்டியதைப் பிரித்து, வெட்டிய துண்டைத் தேடி எடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். நினைவாற்றலும் பொறுமையும் இல்லாதவருக்கு அந்த அறையில் இடமில்லை.

மேலை நாடுகளில் ஊமைப்பட காலத்திலிருந்தே பெண்கள் இப்பணியில் இருந்தனர். ஹாலிவுட்டின் ஆன் பௌச்சன்ஸ் 1940ஆம் ஆண்டுப் படம் ஒன்றிற்காக ஆஸ்கர் பெற்று, தொகுப்புக்கு அவ்விருதை வென்ற முதல் பெண் ஆனார். இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு நடிப்பும் பாட்டும் பெண்களுக்குத் திறந்திருந்தன. தொழில்நுட்பப் பிரிவுகள் நெடுங்காலம் ஆண்களின் கூடாரமாகவே இருந்தன.

ஓராண்டில் இரு துருவங்கள்

விது வினோத் சோப்ராவின் ஆவணப்படமான 'அன் என்கவுண்டர் வித் ஃபேசஸ்' ரேணுவின் தொடக்ககாலப் பணிகளில் ஒன்று. அது ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. சயீத் மிர்சாவின் 'ஆல்பர்ட் பிண்டோ' படம் அவரை முழுநீளப் படங்களின் தொகுப்பாளராக அறிமுகப்படுத்தியது.

1983ஆம் ஆண்டு அவருடைய ஆற்றலின் வீச்சைக் காட்டிற்று. கோவிந்த் நிஹலானியின் 'அர்த் சத்யா', மனம் குமுறும் ஒரு காவல் அதிகாரியின் கதை; அழுத்தம் சிறுகச் சிறுக ஏறி இறுதியில் வெடிக்க வேண்டிய படம். குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' முற்றிலும் வேறு. அதன் உச்சக்காட்சியில் மகாபாரத நாடக மேடையில் ஒரு பிணம் திரௌபதி வேடத்தில் நிற்க, பலரும் அதைக் கைப்பற்ற முண்டியடிக்கிறார்கள். இத்தகைய காட்சியில் ஒரு வெட்டு அரை நொடி தாமதித்தாலும் சிரிப்பு செத்துவிடும். இரண்டையும் ஒரே கை தொகுத்தது என்பதை நம்புவது கடினம்.

'பரிந்தா' (1989) அவருக்கு முதல் தேசிய விருதைத் தந்தது. மும்பை தாதரில் புறாக்கள் மேயும் இடத்தில் ஒருவர் சுடப்படும் காட்சியில், சிதறிப் பறக்கும் இறக்கைகளும் மனித முகங்களும் மாறி மாறி வருகின்றன. கொலையைக் காட்டியதைவிட அதன் அதிர்ச்சியைக் காட்டியதே அத்தொகுப்பின் வெற்றி. தொடர்ந்து 'தாராவி', 'சர்தார்', 'காட்மதர்' ஆகியவற்றுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. சேகர் கபூரின் 'பேண்டிட் குவீன்', சுபாஷ் கையின் 'பர்தேஸ்' என அவர் பணியாற்றிய படங்களின் பட்டியல், எந்த ஒரு முகாமுக்குள்ளும் அடங்காது.

'ஹே ராம்'

தமிழிலும் இந்தியிலும் உருவான 'ஹே ராம்' தொகுப்பாளருக்கு எளிய படம் அன்று. மரணப்படுக்கையில் இருக்கும் முதியவர் சாகேத் ராமின் நிகழ்காலம் கறுப்பு வெள்ளையில் தொடங்கி, 1946இன் கல்கத்தா கலவரத்திற்கு வண்ணத்தில் தாவுகிறது. நினைவு, கனவு, வரலாறு மூன்றும் ஒன்றுடன் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. காலங்களுக்கிடையே பார்வையாளர் வழி தவறாமல் செல்வதில் இயக்குநருக்கு உள்ள பங்கு தொகுப்பாளருக்கும் உண்டு.

அப்படம் வெளியாகி ஆறு மாதங்களில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி, புற்றுநோயால் ரேணு சலூஜா காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

கேரளத்தில் பீனா பால், இந்தித் திரையுலகில் ஆர்த்தி பஜாஜ், தீபா பாட்டியா, நம்ரதா ராவ் என இன்று தொகுப்பு அறைகளில் பெண்களின் பெயர்கள் பெருகியுள்ளன. தமிழ்ப் படங்களின் எழுத்துப் பட்டியலில் 'படத்தொகுப்பு' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர் வருவது இன்னும் அரிதாகவே இருக்கிறது.