நெஞ்சுக்குள் ஓர் உலோகக் கதவு

கல்பிட்டிப் பக்கம் என்னைத் தேடி வருபவர்களில் சிலரின் கையில் வைத்தியசாலைக் கடதாசி இருக்கும். ஆங்கிலத்தில் எழுதியதை வாசித்துச் சொல்லச் சொல்வார்கள். இதய வால்வு மாற்றியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சேர், நெஞ்சுக்குள்ள இரும்பு கிடக்கு. ஸ்கேன் மெஷினுக்குள்ள போனா இழுத்துப் போடாதா?" இந்தப் பயத்தில் சிலர் வால்வு இருப்பதையே சொல்லாமல் விடுகிறார்கள். வேறு சிலர் ஸ்கேனுக்கே போவதில்லை. இரண்டுமே உயிரோடு விளையாடுவதுதான்.

இதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. இரத்தத்தை முன்னால் விட்டு, பின்னால் வராமல் அடைக்கும் கதவுகள் அவை. சிறு வயதில் தொண்டை நோவோடு வரும் ஒருவகைக் கிருமித் தொற்றைக் கவனிக்காமல் விட்டால், அது வாதக் காய்ச்சலாகி இந்தக் கதவுகளைப் பழுதாக்கிவிடலாம். அப்போதுதான் செயற்கை வால்வு தேவைப்படுகிறது. நமது பிராந்தியத்தில் பெயர்பெற்றது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டொக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு. மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது வென்றது. 1990 டிசம்பர் 6 இல் அதை முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோக வளையத்துக்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. உலோக வால்வு மூடும் 'டிக்' சத்தம் இரவில் பக்கத்தில் படுப்பவருக்கும் கேட்கும்.

இந்தத் தட்டில் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொண்டால் கதவு இறுகிவிடும். அதைத் தடுக்கத்தான் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் குளிசை. நோன்பு காலத்திலும் அதை விடக்கூடாது. நேரத்தை மாற்றுவதென்றால் கிளினிக்கில் கேட்டே மாற்ற வேண்டும். கதவு சரியாக அசைகிறதா என்று அறியப் படம் எடுக்கிறார்கள். ஆனால் எந்த ஒரு படமும் முழுவதையும் காட்டாது.

எக்ஸ்ரேயில் உலோகம் வெள்ளையாகத் தெரியும். சித்ரா வால்வின் வளையம் தெரியும், தட்டு தெரியாது. ஏனென்றால் அது பொலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். 1977 இல் அமெரிக்காவில் முதன்முதலில் பொருத்தப்பட்ட செயின்ட் ஜூட் வால்வில் இரண்டு கார்பன் இதழ்கள். எக்ஸ்ரேயில் தெரியட்டும் என்றே அவற்றுக்குள் டங்ஸ்டன் சேர்த்திருக்கிறார்கள். அசைவைக் காட்டும் எக்ஸ்ரேயில் அவை திறந்து மூடுவதை இரண்டு கோடுகளாகப் பார்க்கலாம். ஆக, எந்த வால்வு என்று தெரியாமல் படத்தைப் பார்ப்பவர் 'தட்டைக் காணோமே' என்று திகைக்க வேண்டிவரும்.

எக்கோ என்பது ஒலியலையால் பார்ப்பது. இரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது, பின்னால் கசிகிறதா என்று அது சொல்லும். ஆனால் உலோகம் ஒலியைத் தடுத்து, தன் பின்னால் நிழல் விழுத்தும். அதனால் சிலருக்கு உணவுக்குழாய் வழியே கருவியை இறக்கி, இதயத்தின் பின்பக்கமிருந்து பார்ப்பார்கள். சிடி ஸ்கேனை இதயத் துடிப்புக்கு ஏற்ப நேரம் பார்த்து எடுப்பார்கள். வால்வில் ஒட்டிய உறைவை அதில் காணலாம்.

பயமெல்லாம் எம்ஆர்ஐ மேல்தான். அது பெரிய காந்தம். இன்றைய செயற்கை வால்வுகளில் பெரும்பாலானவை காந்தம் பிடித்து இழுக்காதவை; மாதிரியைச் சரிபார்த்த பின் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். பேஸ்மேக்கர் அப்படியல்ல. சில மாதிரிகளுக்கு நிபந்தனையோடு எடுக்கலாம், எல்லாவற்றுக்கும் அல்ல. பலவீனமான இதயத்துக்குத் துணையாக இரத்தத்தை இறைக்கும் ஹார்ட்மேட் 3 போன்ற பம்ப் பொருத்தியவருக்கோ எம்ஆர்ஐ அறவே கூடாது. அந்தப் பம்பின் சுழலியே காந்த விசையில் மிதக்கிறது. உடம்புக்கு வெளியே வரும் வயர் பற்றரியோடு இணைந்திருக்கிறது. அவர்களுக்கு எக்ஸ்ரேயும் எக்கோவும் சிடியும்தான்.

ஆகவே 'இரும்பு இருக்கா' என்பதல்ல கேள்வி, 'எந்தக் கருவி, எந்த மாதிரி' என்பதே. அதற்கான விடை, ஒப்பரேஷனுக்குப் பின் தரும் சின்ன அட்டையில் இருக்கிறது. அதைக் கிளினிக் கொப்பியோடு வையுங்கள். ஃபோனில் படம் பிடித்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவையுங்கள். உம்றாவுக்குப் போனால் பாஸ்போட்டோடு அதுவும் போகட்டும். புத்தளமோ சிலாபமோ கொழும்போ, ஸ்கேன் அறை வாசலில் முதலில் அதை நீட்டுங்கள். வழக்கமான 'டிக்' சத்தம் மங்கினால், மூச்சு வாங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.