அறிமுகமும் நெருக்கமும்

உங்களுக்கு வேலை இருக்குமிடத்தைச் சொல்லக்கூடியவர் யார்? உயிர் நண்பரா, எப்போதோ ஒருமுறை சந்தித்த அறிமுகக்காரரா? அறிமுகக்காரரே என்று 1973-ஆம் ஆண்டில் விளக்கினார், அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். அறிமுகக்காரர் பழகும் வட்டமோ வேறு. ஆகவே அவரிடமிருந்து புதுச் செய்தி கிடைக்கிறது.

லிங்க்ட்இன் என்னும் சமூக ஊடகத்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2 கோடிப் பேரைக் கொண்டு நடந்த சோதனைகளின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. ஓரளவு மெல்லிய தொடர்புகளே வேலை மாறுவதற்கு அதிகம் உதவின. தொழிலுறவுக்கு இது பெரிய இலாபம்தான்.

வீட்டுறவு எப்படி? 2018-இல் அமெரிக்காவில் முகநூல் பயன்படுத்துவோர் சிலருக்குப் பணம் கொடுத்து, நான்கு வாரம் அதை நிறுத்தி வைக்கச் செய்தனர் ஆராய்ச்சியாளர்கள். நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மிச்சமாயிற்று. அதில் ஒரு பகுதி தொலைக்காட்சிக்குப் போயிற்று. ஒரு பகுதி குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் நேரில் பழகுவதில் செலவாயிற்று. மனநிறைவு சற்றே உயர்ந்தது. ஆனால் நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது!

அப்படியானால், அறிமுகங்களைப் பெருக்கும் நேரம் நெருங்கியவர்களின் நேரத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது அல்லவா? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு, கைப்பேசியில் சமூக ஊடகம் பார்த்த நிமிடங்களையும், வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசிய நிமிடங்களையும் இரு பத்தியாக எழுதுங்கள். வார முடிவில் கூட்டிப் பார்த்து, அந்தத் தாளை வீட்டாரிடமும் காட்டுங்கள்.