பிடரி நோகாமல் மூட்டை சுமக்க

நெல் மூட்டை சுமந்தபின் பிடரி நோகிறதென்றால், பாரம் எவ்வளவு என்பதோடு அது எங்கே அமர்ந்திருந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். தலையைக் குனிந்து பிடரியைத் தடவிப் பாருங்கள். ஓர் எலும்பு புடைத்து நிற்கும். பெரும்பாலும் அது கழுத்தின் 7ஆவது எலும்பு. அதன்மேல் தசை அதிகம் இல்லை. பாரம் அங்கே அழுத்தினால் நோகாமல் என்ன செய்யும்?

பளுதூக்கும் வீரர்கள் 20 கிலோ இரும்புத் தண்டில் மேலும் பாரம் பூட்டி, முதுகில் ஏந்திக் குந்தி எழும்புவார்கள். தண்டை அந்த எலும்பின்மேல் வைப்பதில்லை; அதற்குக் கீழேதான். தோட்பட்டைகளைப் பின்னால் நெருக்கினால் தசை திரண்டு மெத்தைபோல் நிற்கும். தண்டு அதில் அமரும். கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொள்வது நோவை மறைக்குமேயன்றி இடத்தை மாற்றாது.

நாமும் மூட்டையை அவ்விடத்திலேயே ஏற்றுவோம். இடுப்பளவு திட்டில் மூட்டையை வைத்து, இன்னொருவர் சரித்துக் கொடுக்க, முழங்காலை மடித்து முதுகில் வாங்குங்கள். பார்வை சில அடி முன்னே நிலத்தில் இருக்கட்டும். அண்ணாந்தபடி எழும்பினால் கழுத்து பின்னால் மடிந்து நோகும்.

வளர்ந்த ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டினால் அதனைக் குறைக்க வேண்டுமென்று சர்வதேச தொழில் தாபனம் 1967இல் பரிந்துரைத்தது. வாய்வரை நிரப்பிய சணல் சாக்கு இதனைத் தாண்டிவிடும். மூட்டைக் கணக்கில் கூலி பெறுபவர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சொந்த நெல்லையாவது இரண்டு நடையாகக் கொண்டுபோகலாமே.

கை விறைத்தால், விரல்களின் பிடி தளர்ந்தால், எண்ணெய் பூசிக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.