உங்களுக்குத் தெரியுமா? மீட்டருக்குத்தான் சலுகை, குடும்பத்துக்கு அல்ல!

2016 மே 23 அன்று மீண்டும் முதல்வரான ஜெயலலிதா அன்றே கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவச மின்சாரம். வருமானம் பார்க்காத இந்தச் சலுகை ஆளுக்கோ குடும்பத்துக்கோ அல்ல, மின் இணைப்புக்கே தரப்பட்டது. சேலையூரில் சொந்த மாடிவீட்டில் மூன்று இணைப்பு வைத்திருப்பவருக்கு 300 யூனிட் இலவசம். பெருங்களத்தூரில் ஒரே மீட்டரின் கீழ் நான்கு குடித்தனம் இருந்தால் நால்வருக்கும் சேர்த்து 100 யூனிட்தான். உபயோகம் கூடக்கூட மேல் அடுக்குக் கட்டணமும் அவர்கள் தலையில் விழும். இலவச யூனிட்டுகளின் செலவை மின்வாரியத்துக்கு ஈடுகட்டுவது அரசு, அதாவது நம் வரிப்பணம்.

வசதியானவர்களுக்குச் சலுகையைக் குறைக்க வருமானச் சான்று கேட்டால் ஏழைகளே விடுபடுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. சான்றுக்கு அலைய தினக்கூலிக்காரருக்கு நேரம் ஏது? ஆனால் சான்றே தேவையில்லை. இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டை மீட்டரே காட்டிக்கொடுக்கும். விரும்பியவர் சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என 2022இல் அரசு அறிவித்தது நல்ல தொடக்கம். ஆனால் பெருந்தன்மையை மட்டும் நம்பி மானியத்தைச் சீராக்க முடியாது. அதிக உபயோகத்துக்குச் சலுகையைக் குறைக்கட்டும். அதற்கு முன், வாடகைக் குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் கிடைக்க வேண்டும்.